விருந்து நாளின் கடைசி ஒரு மணி நேரம்: முன்கூட்டிச் சமைப்பதில் எந்த வழி உதவும்?

பண்டிகை நாள் மாலை. விருந்தினர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கூடத்தில் பேச்சும் சிரிப்புமாக இருக்கிறது. சமையலறையில் எரிவது நான்கு பர்னர்; அவற்றில் ஏற வேண்டிய பாத்திரங்கள் ஏழு. ஒன்று அடிப்பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. இன்னொன்றில் உப்புப் போட்டோமா இல்லையா என்பது நினைவில்லை. பொரிக்க வேண்டியது இன்னும் மாவில் தோய்க்கப்படவே இல்லை. “ஏதாவது செய்யட்டுமா?” என்று வந்து நிற்பவரிடம் எந்த வேலையைக் கொடுப்பது என்று யோசிக்கக்கூட மனம் ஓடவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு நான் நடத்திய விருந்து இது. வந்தவர்களில் பாதிப் பேரின் முகத்தை அவர்கள் விடைபெறும்போதுதான் சரியாகப் பார்த்தேன்.

அடுத்த ஆண்டு எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். மூன்று வாரங்களுக்கு முன்பிருந்தே சமைத்துச் சமைத்து ஃப்ரீசரில் அடுக்கினேன். ஒவ்வொரு டப்பா உள்ளே போகும்போதும் ஒரு பெருமிதம். விருந்தன்று உருளைக்கிழங்கு, பிழிந்தால் நீர் சொட்டும் பஞ்சாக வெளியே வந்தது. பாலேடு சேர்த்த குழம்பு திரிந்து நின்றது. பெரிய டப்பாவில் வைத்த கறி ஓரத்தில் கொதித்துக்கொண்டும் நடுவில் பனிக்கட்டியாகவும் இருந்தது. பதற்றம் குறையவில்லை, அதன் வடிவம்தான் மாறியது.

இரண்டு ஆண்டும் நான் செய்தது ஒரே தவறுதான்: விருந்தை ஒரே மூட்டையாகப் பார்த்தேன். மொத்த வேலை யாரையும் சாய்ப்பதில்லை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து காய் நறுக்கலாம், பாட்டுக் கேட்டுக்கொண்டே மாவு பிசையலாம். ஆளைச் சாய்ப்பது இலை போடுவதற்கு முந்தைய ஒரு மணி நேரம். அப்போதுதான் நான்கு பண்டங்கள் ஒரே கண்ணை, ஒரே கையை, ஒரே அடுப்பைக் கேட்கின்றன. எனவே முன்கூட்டிச் செய்யும் எந்த வழியையும் இப்போது நான் அந்த ஒரு மணி நேரத்தை வைத்தே அளக்கிறேன். அதில் எனக்கு என்ன மிச்சமாகிறது, அந்த மிச்சத்துக்காகச் சுவையும் வயிறும் என்ன விலை கொடுக்கின்றன? “எத்தனை நாள் முன்பே சமைக்கலாம்?” என்று பலரும் கேட்கிறார்கள். அதைவிட, எந்தப் பண்டத்தை எந்தக் கட்டத்தில் நிறுத்தி வைக்கலாம் என்று கேட்டால் விடை எளிதாகக் கிடைக்கும்.

அன்றே தொடங்கி அன்றே முடிக்கும் கட்சிக்கு ஒரு நியாயம் உண்டு. நாலைந்து பேர், மூன்று நான்கு பண்டங்கள் என்றால் அதுவே சிறந்த வழி. பத்துப் பேரைத் தாண்டினால் அந்த நியாயம் தானாகவே விழுந்துவிடும். கடைசிப் பண்டம் இறங்குவதற்குள் முதற்பண்டம் ஆறியிருக்கும்.

காலையிலேயே சமைத்து இரவு வரை சூடாக வைத்திருப்பது இன்னொரு பழைய வழி. சூடாக வைக்கும் உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேலேயே இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். சிறு தீயில் விட்டால் குழம்பு வற்றும், அடிப்பிடிக்கும். பச்சைக் காய்கறி பழுப்பேறும். பச்சையத்தின் நடுவிலுள்ள மக்னீசியம் வெப்பத்திலும் புளிப்பிலும் கழன்றுவிடுவதால் வரும் நிறம் அது. சூடு காக்கும் ஹாட்பாக்ஸ் டப்பாவில் முதலில் கொதிநீர் ஊற்றிச் சற்று நேரம் வைத்துக் கொட்டிவிட்டு, கொதிக்கும் உணவை விளிம்பு வரை நிரப்பினால் நன்றாகத் தாங்கும். கால்பங்கு மட்டும் போட்டால் விரைவில் ஆறிவிடும். பரிமாறுவதற்கு முந்தைய ஓரிரு மணி நேரத்துக்கு இது அருமையான கருவி. காலை முதல் இரவு வரைக்கும் நான் இதை நம்ப மாட்டேன்.

பாதி வேலையை முடித்து வைப்பது

கழுவுதல், நறுக்குதல், ஊறவைத்தல், அரைத்தல், உப்புத் தடவுதல், மாவு பிசைதல் ஆகியவற்றை ஓரிரு நாள் முன்பே முடித்து, தீயில் வைக்கும் வேலையை மட்டும் அன்றைக்கு விடுவது இந்த வழி. உணவகச் சமையலறைகள் எல்லாம் இதில்தான் ஓடுகின்றன. பிரெஞ்சுச் சமையற்காரர்கள் இதற்கு ‘மீஸ் ஆன் ப்ளாஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்: எல்லாம் அதனதன் இடத்தில். சுவையை இது கிட்டத்தட்டக் கெடுப்பதில்லை. சிலவற்றில் கூட்டவே செய்கிறது.

கறிக்கு ஒரு நாள் முன்பே உப்புத் தடவி ஃபிரிட்ஜில் வைப்பது அப்படிப்பட்டது. முதலில் உப்பு நீரை வெளியே இழுக்கும்; பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். சில மணி நேரத்தில் அந்த உப்புநீரையே கறி திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். உப்பு உள்ளே வரை இறங்கும். வெந்தபின் கறி தன் நீரைக் கூடுதலாகப் பிடித்து வைத்திருக்கும். ரொட்டி மாவும் அப்படியே. ஃபிரிட்ஜின் குளிரில் ஈஸ்ட் மெதுவாக வேலை செய்வதால் ஒரு நாளைக்கு மேல் ஊறிய மாவில் மணம் கூடுகிறது. சோம்பேறித்தனத்துக்குப் பரிசு கிடைக்கும் இடங்கள் சமையலில் குறைவு. கிடைக்கிற இடத்தில் விடக் கூடாது.

புளிப்பில் ஊறவைப்பதற்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஓர் இரவு முழுதும் கிடந்த கறியின் மேற்பரப்பு கூழாகிவிடும். பப்பாளிக் காயும் அன்னாசியும் இன்னும் வேகம். அவற்றிலுள்ள நொதிகள் புரதத்தையே அறுத்துப்போடும். மறந்துவிட்டால் கத்தி தேவைப்படாத கறி கிடைக்கும், நல்ல அர்த்தத்தில் அல்ல.

காய்களில் கேரட், பீன்ஸ், முட்டைகோஸ் எல்லாம் நறுக்கி மூடி வைத்தால் இரண்டு நாள் கவலையில்லை. நறுக்கிய உருளைக்கிழங்கு நீரில் மூழ்கியிருக்க வேண்டும். காற்றுப் பட்டால் கறுக்கும். சாலட்டுக்கான இலைகளைக் கழுவி, நன்றாக ஈரம் போக்கி, துணியில் சுற்றி வைக்கலாம். உப்பும் சாறும் மட்டும் மேசைக்குப் போகும் நிமிடத்தில்தான் சேர வேண்டும். முன்பே சேர்த்தால் காய் நீர் விட்டுத் துவண்டுவிடும்.

வெங்காயத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லோரும் முதலில் நறுக்கி வைக்க நினைப்பது அதைத்தான். நறுக்கிப் பச்சையாக வைக்கவே கூடாததும் அதுதான். கத்தி பட்டதும் வெங்காயத்தின் செல்கள் உடைந்து, தனித்தனியே இருந்த நொதியும் கந்தகச் சேர்மங்களும் கலக்கின்றன. கண்ணில் நீர் வரவழைக்கும் அந்த வினை டப்பாவுக்குள்ளும் தொடர்கிறது. மறுநாள் திறந்தால் மணம் போய் வாடை நிற்கும். பக்கத்திலிருக்கும் வெண்ணெய்க்கும் கேக்குக்கும் அதில் பங்கு போயிருக்கும். நறுக்கிய கையோடு எண்ணெயில் வதக்கி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. பொன்னிறமாக வதங்கிய வெங்காயம் ஃபிரிட்ஜில் மூன்று நாள், ஃப்ரீசரில் சில வாரம் இருக்கும். விருந்தன்று இருபது நிமிடத்தையும் ஒரு பர்னரையும் அது மிச்சம் பிடிக்கிறது. முன்வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

பூண்டை எண்ணெயில் போட்டு வெளியே வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். காற்றில்லாத எண்ணெய்க்குள், புளிப்பில்லாத பூண்டில், பாட்டுலினம் என்ற நச்சை உண்டாக்கும் பாக்டீரியா வளர முடியும். 1985இல் கனடாவின் வான்கூவரில் எண்ணெயில் வைத்த நறுக்கிய பூண்டால் பலர் அப்படி நோயுற்றார்கள். ஃபிரிட்ஜில் வைத்தாலும் சில நாட்களில் தீர்த்துவிட வேண்டும்.

அளந்து வைப்பதும் முன்வேலைதான். பலர் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. உப்பு, பொடிகள், எண்ணெய் எல்லாவற்றையும் ஒவ்வொரு பண்டத்துக்கும் தனிக் கிண்ணத்தில் அளந்து, மேலே சீட்டு எழுதி வைத்தால், விருந்தன்று உப்புப் போட்டோமா என்ற சந்தேகமே எழாது. கிண்ணம் காலியாக இருக்கும், அல்லது இருக்காது. “ஏதாவது செய்யட்டுமா?” என்று வருபவரிடமும் ஒரு கிண்ணத்தையும் ஒரு கரண்டியையும் நீட்டிவிடலாம்.

இவ்வளவு புகழ்ந்தபின் குறையைச் சொல்லியாக வேண்டும். பாதி வேலை கைகளுக்கு ஓய்வு தருகிறது, அடுப்புக்குத் தருவதில்லை. ஏழு பாத்திரங்கள் நான்கு பர்னருக்குக் காத்திருக்கும் நிலை அப்படியேதான் இருக்கும், காத்திருப்பவை அழகாக நறுக்கப்பட்டிருக்கும் என்பதைத் தவிர. உங்கள் வீட்டில் ஆள் குறைவு, அடுப்பு போதும் என்றால் இந்த வழி ஒன்றே போதும். அடுப்புதான் நெருக்கடி என்றால் அடுத்த வழிக்குப் போக வேண்டும்.

முந்தின நாளே முழுச் சமையல்

முழுதாகச் சமைத்து, ஆறவைத்து, ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் சூடாக்குவது. கடைசி மணி நேரத்தைக் காலி செய்வதில் இதற்கு இணை இல்லை. சூடாக்குவதற்குக் கண்ணும் கைப்பக்குவமும் அவ்வளவாக வேண்டாம். கிளறத் தெரிந்த யாரும் செய்யலாம். ஆனால் எல்லாப் பண்டமும் இதற்கு உடன்படாது.

உடன்படுபவை கறிக் குழம்பு, பயறு வகைகள், கெட்டியான சூப், புளிப்பும் காரமும் உள்ள எதுவும். இவை மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும் என்று சமைப்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அதற்குக் காரணமும் உண்டு. எலும்பை ஒட்டிய கடினமான கறியிலுள்ள கொலாஜன் என்ற புரதம் நீண்ட நேரம் வேகும்போது ஜெலட்டினாக மாறுகிறது. ஆறும்போது அது குழம்பைக் கெட்டியாக்கிக் கறித்துண்டுகளோடு பிணைக்கிறது. உப்பும் காரமும் துண்டுகளுக்குள் இறங்க அவகாசம் கிடைக்கிறது. இன்னொன்று, சமைத்தவரின் மூக்கு. மூன்று மணி நேரம் அதே மணத்தில் நின்றவருக்கு அன்றைக்கு ஒன்றுமே மணக்காது. மறுநாள் மூக்கு புதிதாக இருக்கிறது. பாராட்டில் ஒரு பங்கு அதற்குச் சேரும்.

உடன்படாதவற்றில் முதலிடம் பொரித்தவற்றுக்கு. உள்ளேயிருக்கும் ஈரம் மெல்ல மேலோட்டுக்கு வந்து நமத்துவிடும். மைக்ரோவேவில் வைத்தால் நிலைமை மோசமாகும். பொரித்தது வேண்டுமென்றால் இரண்டு முறை பொரிக்கும் உத்தி இருக்கிறது: முதல் முறை குறைந்த சூட்டில் வேகவைத்து எடுத்துவிட்டு, பரிமாறும் முன் அதிகச் சூட்டில் ஓரிரு நிமிடம். உருளைக்கிழங்கு வறுவலுக்கு இது மிகவும் பொருந்தும்.

கொழுப்புக் குறைந்த வாட்டிய கறியும் மறுநாளுக்கு உகந்ததல்ல. சமைத்த கறியிலுள்ள இரும்பு, கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்வதைத் தூண்டுகிறது. ஒன்றிரண்டு நாளில் காறல் கலந்த அட்டைப்பெட்டி வாடை ஒன்று வந்துவிடும். டிம்ஸ், வாட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1958இல் இதைத் தனிச் சிக்கலாக எடுத்து எழுதினார்கள். கோழியிலும் வான்கோழியிலும் இது விரைவாகத் தெரியும், அவற்றின் கொழுப்பு எளிதில் ஆக்சிஜனேறக்கூடியது என்பதால். குழம்புக்குள் மூழ்கியிருக்கும் கறிக்குக் காற்றுப் படாது. மசாலாப் பொருட்கள் பலவும் இந்த வினையைத் தடுக்கக்கூடியவை. முன்கூட்டிச் சமைக்க வேண்டும் என்று முடிவெடுத்தால் வாட்டலைக் கைவிட்டுக் குழம்பின் பக்கம் வந்துவிடுவது புத்திசாலித்தனம்.

சோறும் ரொட்டியும் வேறு கதை. காய்ந்து போவதால்தான் ரொட்டி விறைக்கிறது என்று தோன்றும். ஈரம் போகாமல் மூடி வைத்தாலும் விறைக்கும், 60 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் மீண்டும் மென்மையாகும் என்று பிரெஞ்சு வேதியியலாளர் பூசிங்கோ 1852லேயே காட்டிவிட்டார். ஸ்டார்ச் மூலக்கூறுகள் மறுபடி அடுக்கிக்கொள்வதால் வரும் விறைப்பு அது. அந்த அடுக்கல் ஃபிரிட்ஜின் வெப்பநிலையில்தான் மிக வேகமாக நடக்கிறது. எனவே ரொட்டியை வெளியே வையுங்கள், அல்லது ஃப்ரீசரில் வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் வைக்காதீர்கள். சோற்றை அன்றே வடிப்பதுதான் நல்லது. அது அதிகக் கவனம் கேட்கும் வேலையும் அல்ல.

இனி வயிற்றின் பக்கம். ‘ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டும்’ என்பது பசித்தவருக்குச் சொன்னது. முன்கூட்டிச் சமைப்பவருக்கு அதைத் தலைகீழாகச் சொல்ல வேண்டும்: ஆக்கப் பொறுக்கலாம், ஆறப் பொறுக்கக் கூடாது. எவ்வளவு வேகமாக ஆறுகிறதோ அவ்வளவு நல்லது.

க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்றொரு பாக்டீரியா. அதன் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. பெரிய பாத்திரக் கறிக்குழம்பு மெல்ல மெல்ல ஆறும்போது விழித்துக்கொள்கின்றன. 43 முதல் 47 டிகிரி சூட்டில் ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அதே வேகத்தில் இரண்டு மணி நேரம் கிடைத்தால் ஒன்று நான்காயிரத்தைத் தாண்டும். அமெரிக்காவில் இதனால் வரும் கூட்டு நோய்ப்பாதிப்புகள் நவம்பர், டிசம்பரில் அடிக்கடி நிகழ்கின்றன என்றும் அவற்றில் பல பண்டிகை விருந்து உணவுகளோடு தொடர்புடையவை என்றும் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் குறிப்பிடுகிறது. மற்ற நாள் சமையலில் வராத ஆபத்து விருந்தில் வருவதற்குக் காரணம் பாத்திரத்தின் அளவுதான்.

சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதே, 5 டிகிரிக்குக் கீழ் குளிரவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. அமெரிக்க உணவு விதித்தொகுப்பு தொழில்முறைச் சமையலறைகளுக்கு இதை இரண்டு கட்டமாகப் பிரிக்கிறது: 57 டிகிரியிலிருந்து 21க்கு இரண்டு மணி நேரத்துக்குள், பிறகு 5 டிகிரிக்கு மொத்தம் ஆறு மணி நேரத்துக்குள். வீட்டில் இதைச் சாதிக்க ஒரே தந்திரம், ஆழத்தைக் குறைப்பது. கெட்டியான பண்டத்தில் ஆழத்தைப் பாதியாக்கினால் ஆறும் நேரம் ஏறத்தாழ கால்பங்காகும். அண்டாவிலிருந்து அகலமான தட்டையான பாத்திரங்களுக்கு, ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு மிகாமல் மாற்றி, அவற்றைப் பனிக்கட்டி போட்ட நீரில் உட்கார வைத்துக் கிளறினால் அரை மணியில் ஆவி அடங்கிவிடும். பிறகு ஃபிரிட்ஜுக்குள் போகலாம். கொதிக்கும் அண்டாவை அப்படியே உள்ளே வைப்பவர் பக்கத்திலிருக்கும் பால், முட்டை அனைத்தையும் சேர்த்துச் சூடேற்றுகிறார்.

சோற்றையும் இதே கண்டிப்போடு நடத்த வேண்டும். அரிசியில் இருக்கும் பேசிலஸ் சீரியஸ் வித்துகளும் கொதியைத் தாங்கும். வெளியே கிடந்த சோற்றில் அது உண்டாக்கும் வாந்தி நச்சு, மறுபடி எவ்வளவு சூடாக்கினாலும் அழியாது. சூடாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அங்கே பொய்த்துப்போகிறது.

மறுநாள் சூடாக்கும்போது ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்ற பழமொழியை நம்பக் கூடாது. ஓரத்தில் குமிழி வருவதைப் பார்த்து இறக்கினால் நடுவில் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். கிளறிக் கிளறி, நடுப்பகுதி 74 டிகிரி தொடும் வரை சூடாக்க வேண்டும். உணவு வெப்பமானி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் இந்த வாதமெல்லாம் முடிந்துபோகும். எத்தனையோ வேண்டாத பாத்திரங்களை வாங்கிக் குவிக்கும் நாம் அந்தச் சிறு கருவியை மட்டும் ஏன் ஆடம்பரமாக நினைக்கிறோமோ தெரியவில்லை.

ஃப்ரீசர்: யாருக்கு, எதற்கு

என் தோல்விக்குக் காரணம் ஃப்ரீசர் அல்ல. அதற்குள் எதை அனுப்புவது என்று எனக்குத் தெரியாததுதான். இன்றைய கனடாவிலுள்ள லாப்ரடாரில் இன்யூட் பழங்குடி மக்கள் பிடித்த மீன் கடுங்குளிரில் நொடியில் உறைந்து, பல மாதம் கழித்தும் புதிதுபோல இருந்ததைக் கண்டுதான் அமெரிக்கரான கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ 1920களில் விரைவு உறையவைப்புத் தொழிலைத் தொடங்கினார். வேகமாக உறைந்தால் பனிப்படிகம் நுண்ணியதாக இருக்கும். வீட்டு ஃப்ரீசர் மெதுவாக உறையவைப்பது. அதில் படிகங்கள் பெரிதாக வளர்ந்து செல்சுவரைக் கிழிக்கின்றன. உருகும்போது நீரெல்லாம் வெளியே ஓடிவிடும். என் உருளைக்கிழங்கு பஞ்சான கதை இதுதான். பாலேடும் தயிரும் சேர்ந்தவை திரியும், மாவு கரைத்துக் கெட்டியாக்கியவை நீர் பிரிந்து நிற்கும், அவித்த முட்டையின் வெள்ளை ரப்பராகும்.

நன்றாகத் தாங்குபவை: எலும்பு வேகவைத்த சாறு, பாலேடு சேர்க்காத கறிக்குழம்பு, வெந்த பயறு, ரொட்டி, பிசைந்த மாவு, கிரீம் பூசாத கேக், நான் மேலே சொன்ன வதக்கிய வெங்காயம். பாலேடு சேர வேண்டிய குழம்பை அதற்கு முந்தைய படியில் நிறுத்தி உறையவைத்து, அன்றைக்குச் சூடாக்கும்போது பாலேட்டை ஊற்றினால் திரியாது. பச்சைக் காய்கறியைக் கொதிநீரில் ஓரிரு நிமிடம் முக்கி எடுத்துக் குளிர்நீரில் போட்ட பிறகே உறையவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் நொதிகள் குளிரிலும் மெல்ல வேலை செய்து நிறத்தையும் மணத்தையும் தின்றுவிடும்.

பையில் போட்டுத் தட்டையாக உறையவைத்தால் உறைவதும் வேகம், உருகுவதும் வேகம், இடமும் மிச்சம். பெரிய கட்டியாக வைத்தால், இரண்டு இரண்டரைக் கிலோவுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் ஃபிரிட்ஜில் உருகவிட வேண்டும். இதுதான் இந்த வழியின் மறைமுகச் செலவு: விருந்துக்கு இரண்டு நாள் முன்பே ஃப்ரீசரை நினைக்க வேண்டும். மறந்தால் மேடையில் வைத்து உருக்கத் தோன்றும். வெளிப்புறம் ஆபத்தான சூட்டுக்கு வந்துவிட்ட பிறகும் உள்ளே கல்லாக இருக்கும். −18 டிகிரியில் பாக்டீரியா வளர்வது நிற்கிறது. அவை இறந்துவிடுவதில்லை, உருகியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்கின்றன.

விருந்துக்கு முந்தைய நாள் வரை வேலைக்குப் போக வேண்டியவருக்கு ஃப்ரீசர் பெரிய துணை. ஓய்வான ஒரு வாரக் கடைசியில் சாறும் குழம்பும் மாவும் முடித்துவிடலாம். முந்தின நாள் முழுதும் வீட்டிலிருக்க முடிகிறவருக்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் கருத்து.

வருகிறவர்களிடம் ஆளுக்கொன்று கொண்டுவரச் சொல்லும் வழியும் இருக்கிறது. சமையல் குறையும், ஆனால் ஐந்து பேர் ஐந்து பாத்திரங்களோடு வந்து “இதைக் கொஞ்சம் சூடாக்க வேண்டும்” என்று சொன்னால் கடைசி மணி நேரம் முன்பைவிட மோசமாகும். எனவே சூடாக்க வேண்டாதவற்றைக் கேளுங்கள்: சாலட், பழம், ரொட்டி, இனிப்பு. பண்டங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதும் ஒரு வழிதான். செலவே இல்லாத அந்த வழியைத்தான் யாரும் பரிசீலிப்பதில்லை. பன்னிரண்டு பண்டம் வைத்தால் யாரும் பன்னிரண்டையும் நினைவு வைத்துக்கொள்வதில்லை.

இப்போது நான் செய்வது

எந்த ஒரு வழியும் தனியாக எனக்குப் போதவில்லை. பரிமாறும் நேரத்தை ஒரு தாளின் அடியில் எழுதிவிட்டு, அங்கிருந்து மேல்நோக்கி வருகிறேன். கடைசி மணி நேரத்தில் என் கவனம் கேட்கும் பண்டம் ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது முதல் கட்டுப்பாடு. அது பெரும்பாலும் பொரிப்பது. சோறு தானாக வேகும். மற்றவை சூடாக வேண்டியவையாகவோ, ஃபிரிட்ஜிலிருந்து நேரே மேசைக்குப் போகக்கூடியவையாகவோ இருக்க வேண்டும்.

அதன்படி இரண்டு நாள் முன்பு கடைக்குப் போவதும் நறுக்குவதும் வெங்காயம் வதக்குவதும் மாவு பிசைவதும் நடக்கின்றன. ஃப்ரீசரில் உள்ள சாறு ஃபிரிட்ஜுக்கு இறங்குகிறது. முந்தின நாள் கறிக்குழம்பும் பயறும் முழுதாகச் சமைக்கப்பட்டு, தட்டையான பாத்திரங்களில் ஆறி உள்ளே போகின்றன. குளிர்ந்தே பரிமாறும் இனிப்பும் அன்றே. ஃபிரிட்ஜில் இடம் வேண்டுமே என்று கேட்பீர்கள். குளிர்பானங்களையும் தண்ணீர்ப் பாட்டில்களையும் வெளியே எடுத்துப் பனிக்கட்டி நிரப்பிய வாளியில் வைத்துவிட்டால் ஒரு தட்டு முழுதும் காலியாகும். நிரம்பி வழியும் ஃபிரிட்ஜில் காற்று ஓடாது. 5 டிகிரிக்குக் கீழ் இருக்கிறதா என்று அன்றைக்குத்தான் பார்க்க வேண்டும்.

வருபவர்களில் முதியோர், கருவுற்றவர், சிறு குழந்தைகள் இருந்தால் நாட்களை இன்னும் சுருக்குகிறேன். லிஸ்டீரியா என்ற பாக்டீரியா ஃபிரிட்ஜின் குளிரிலும் மெல்ல வளரக்கூடியது. மூன்று நாள் முன்பு செய்ததை அவர்களுக்கு வைப்பதைவிட ஒரு பண்டத்தைக் குறைத்துவிடலாம். ஃபிரிட்ஜ் சிறியதாக இருப்பவர்கள் முழுச் சமையலை ஒரே ஒரு குழம்போடு நிறுத்திக்கொண்டு, மீதிக்குப் பாதி வேலை வழியை நாடலாம். நறுக்கிய காய் அதிக இடம் அடைக்காது.

விருந்தன்று மதியம் ஒரு மணி நேரம் படுத்துக்கொள்வதையும் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். மூன்று ஆண்டுகளாக அது நடக்கிறது. சென்ற முறை கூடத்தில் உட்கார்ந்து ஒரு கதையை முழுதாகக் கேட்டேன், நடுவில் எழுந்து போனது ஒரே முறைதான்.

ஆனாலும் மறுநாள் காலை பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தபோது, இரண்டாவது தட்டின் பின்பக்கம், அழகாக நறுக்கி, மூடி போட்டு, சீட்டு ஒட்டி வைத்த சாலட் அப்படியே உட்கார்ந்திருந்தது. இப்போது ஃபிரிட்ஜ் கதவில் இன்னொரு தாள் ஒட்டியிருக்கிறேன்: உள்ளேயிருந்து எவையெவை வெளியே வர வேண்டும் என்ற பட்டியல்.